பிரிந்த ஓட்டத்தின் நிலையின்மை: ஹாட்-வயரா, பிஐவியா, அழுத்த உணரியா?

சோதனைவழிப் பாய்மவியலில் ஆய்வுக்கு வரும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பிரிந்த ஓட்டத்தின் நிலையின்மையைப் படிக்க வேண்டும், துறையில் ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது, சூடான கம்பியால் வேகத்தை அளக்கும் ஹாட்-வயர் வாங்குவதா, ஓட்டத்தில் கலந்த துளிகளைப் படமெடுத்து வேகத்தைக் காணும் பிஐவி வாங்குவதா? பக்கத்து ஆய்வகத்தில், லேசர் ஒளியின் டாப்ளர் பெயர்ச்சியால் ஒரு புள்ளியில் வேகத்தை அளக்கும் எல்டிவி சும்மா கிடக்கிறது, அதை வைத்தே ஒப்பேற்றிவிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு.

விமான இறக்கை தூக்குவிசை இழந்து ஸ்டால் ஆகும்போதும், காரின் பின்புறத்திலும், எரியறைக்குள் தீப்பிழம்பை நிறுத்திவைக்கும் படியிலும் நடப்பது ஒன்றுதான். சுவரை ஒட்டி வந்த ஓட்டம் எதிரழுத்தத்தாலோ கூர்முனையாலோ சுவரை விட்டு விலகுகிறது. விலகிய ஓட்டத்துக்கும் அடியில் பின்னோக்கி ஊரும் ஓட்டத்துக்கும் நடுவே, வேகம் சட்டென மாறும் ஒரு மெல்லிய அடுக்கு, ஷியர் லேயர், உருவாகிறது. சிறு அதிர்வு கிடைத்தாலும் அதைப் பெரிதாக்கிச் சுழல்களாகச் சுருண்டுவிடும் சுபாவம் அதற்கு. அந்தச் சுருளல் எங்கே தொடங்குகிறது, எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பவைதாம் அளக்க வேண்டியவை.

## அளவுகோல்கள்

ஒரே ஓட்டத்தை எடுத்துக்கொண்டு எல்லாக் கருவிகளையும் அதன் மேல் வைத்துப் பார்க்கிறேன். தரை திடீரென 20 மி.மீ. கீழே இறங்கும் ஒரு படி. நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் காற்று. படி உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் நீளத்தையும் பெருக்கி, இயக்கப் பாகுநிலையால் வகுத்தது) சுமார் 10,000. படிக்கு முன்னால் 28 செ.மீ. நீளத் தட்டை இருந்து, சுவரை ஒட்டி வேகம் குறைந்த எல்லை அடுக்கு லாமினாராகவே, அதாவது கொந்தளிப்பில்லாமல், வந்தால், விளிம்பில் அதன் உந்தத் தடிமன் (அடுக்கு இழந்த உந்தத்தைத் தடிமனாகச் சொல்லும் அளவு) ஏறத்தாழ அரை மி.மீ.

அதிர்வெண். 1960களில் மிஷால்கே போட்ட நிலைத்தன்மைக் கணக்குப்படி, ஷியர் லேயரில் மிக வேகமாக வளரும் அலையின் அதிர்வெண்ணை உந்தத் தடிமனால் பெருக்கி, இருபக்க வேகங்களின் சராசரியால் வகுத்தால் சுமார் 0.032 வரும். நம் படியில், அடிப்பக்க வேகத்தைச் சுழி என்று கொண்டால், சராசரி வேகம் நொடிக்கு 3.75 மீட்டர், ஆக 240 ஹெர்ட்ஸ். கீழே போகப் போகச் சுழல்கள் இரண்டிரண்டாகச் சேர்வதால் அதிர்வெண் பாதி பாதியாகக் குறையும். படி உயரத்தைப் போல் ஆறு மடங்கு தூரத்தில், அதாவது 12 செ.மீ. தள்ளி, ஓட்டம் மீண்டும் சுவரில் ஒட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், அங்கே பெரிய சுழல்கள் சுமார் 45 ஹெர்ட்ஸில் கடந்து போகும். இவை போதாதென்று, ஒட்டும் இடமே முன்னும் பின்னுமாக ஆடும் ‘ஃப்ளாப்பிங்’ என்ற மெதுவான அசைவும் உண்டு. அது 6 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். கியா, சசாகி ஆகியோரின் 1980களின் சோதனைகளுக்குப் பிறகு இந்த மெதுவான அசைவை யாரும் ஒதுக்கிவிட முடிவதில்லை. ஒரே ஓட்டத்தில் 6 முதல் 240 வரை. ஒரே கருவி எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நம்புவதற்கு முன் இந்த மூன்று எண்களையும் உங்கள் மாடலுக்குப் போட்டுப் பாருங்கள்.

பெருக்கியா, அலையியற்றியா? எனக்கு இதுதான் தலையாய அளவுகோல். சில ஓட்டங்கள் தாமாகவே அலையும், இவை அலையியற்றிகள். உருளைக்குப் பின்னால் ரெனால்ட்ஸ் எண் 47 அளவைத் தாண்டியதும் சுழல்வரிசை கிளம்புவது அப்படி. வெளியிலிருந்து யாரும் தட்ட வேண்டியதில்லை, அதிர்வெண்ணும் பிசகாது. படி ஓட்டம் வேறு ஜாதி, அது பெருக்கி. பார்க்லியும் சகாக்களும் 2002இல் செய்த கணக்கில், இரு பரிமாண லாமினார் படி ஓட்டம் தானாக நிலைகுலைவது ரெனால்ட்ஸ் எண் 750 அளவில்தான், அதுவும் நேரத்தோடு அலையாத ஒரு முப்பரிமாண மாற்றமாக. ஆனால் அதற்கு வெகு முன்பே, உள்ளே நுழையும் சிறு கலக்கத்தின் ஆற்றலை அது பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டக்கூடியது. பெருக்கி வகை ஓட்டத்தில் நீங்கள் காணும் ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்ற வரைபடத்தில்) பாதி, மாடலின் மேல் காற்றை ஓட்டும் உங்கள் காற்றுச்சுரங்கத்தின் இரைச்சல்தான். பிரிந்த லாமினார் ஓட்டம் மீண்டும் சுவரில் ஒட்டுவதால் உருவாகும் லாமினார் பிரிவுக் குமிழிகள் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. பின்னோட்டம் வெளிவேகத்தில் 15 முதல் 20 சதவீதத்தை எட்டினால் அலையியற்றிக் குணம் தலைகாட்டலாம் என்று ஆலம், சாண்டம் 2000இல் காட்டினார்கள்.

அலைவின் அளவு. வளர்ச்சி வீதத்தை, சிறு அலைவுகளுக்கு மட்டும் பொருந்தும் நேரியல் கோட்பாட்டோடு ஒப்பிட வேண்டுமானால், அலைவு வெளிவேகத்தில் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போதே பிடிக்க வேண்டும். சுழல் சுருண்ட பிறகு அளப்பது வேறு ஆய்வு.

மற்ற இரண்டும் எளியவை: கருவிக்குப் பின்னோட்டத்தின் திசை தெரியுமா, கருவி ஓட்டத்தைக் கெடுக்குமா.

## கருவிக்கு முன் காற்றுச்சுரங்கம்

டோல்மீன் 1929இலும் ஷ்லிஷ்டிங் 1933இலும் எல்லை அடுக்கில் வளரும் என்று கணக்கில் காட்டிய அலைகளைச் சோதனைக்காரர்கள் பலர் நம்பவில்லை. அவர்கள் காற்றுச்சுரங்கங்களில் அப்படி எதுவும் தெரியவில்லை. அமெரிக்காவின் நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸில் ஷூபாவரும் ஸ்க்ராம்ஸ்டாட்டும், சுரங்கத்தின் கொந்தளிப்பை 0.03 சதவீத அளவுக்கு அடக்கிய பிறகுதான், 1940களில், அந்த அலைகள் வெளிப்பட்டன. அவர்கள் கையில் இருந்தது அதே ஹாட்-வயர்தான். சுரங்கம் அமைதியானதும் அலை தெரிந்தது. காந்தத்தால் அதிர வைத்த மெல்லிய உலோக நாடா ஒன்றால் அலையைத் தாங்களே கிளப்பி, அது வளர்வதையும் அளந்தார்கள்.

உங்கள் சுரங்கத்தில் கொந்தளிப்பு 0.5 சதவீதம் என்றால், முதல் லட்சம் கருவிக்குப் போகக்கூடாது. தேன்கூட்டுத் தடுப்பு, வலைகள், அமைதி அறை, விசிறியின் அதிர்வு மாடலுக்கு வராமல் பிரிக்கும் இணைப்பு ஆகியவற்றுக்குப் போக வேண்டும். இதற்குத் துறைத்தலைவரிடம் ஒப்புதல் வாங்குவது லேசர் வாங்க ஒப்புதல் பெறுவதைவிடக் கடினம் என்பது தெரியும். ஆனாலும் வலியுறுத்துங்கள்.

## ஹாட்-வயர்

5 மைக்ரான் தடிமனும் 1 மி.மீ. சொச்சம் நீளமும் கொண்ட டங்ஸ்டன் கம்பி. அதை மாறா வெப்பநிலையில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து வேகம் கிடைக்கிறது. பத்தாயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை தாங்கும் என்பதால் நமது 240 அதற்கு ஒரு பொருட்டல்ல. எத்தனை நிமிடம் வேண்டுமானாலும் தொடர்ந்து பதிவு செய்யலாம், ஆகவே 6 ஹெர்ட்ஸும் கைக்குள் வரும். வெளிவேகத்தில் 0.01 சதவீத அலைவைக்கூட நல்ல அமைப்பில் பிரித்துவிடும். வளர்ச்சி வீதம் என்ற ஒன்றுக்காகவே ஆய்வு என்றால், இதற்கு மாற்று இன்றுவரை இல்லை.

பெருங்குறை, திசை தெரியாது என்பது. இதை ஆஸிலோஸ்கோப்பிலேயே பார்க்கலாம். ஷியர் லேயரின் மேல் விளிம்பில் கம்பியை வைத்தால் அலை ஒழுங்காக ஏறி இறங்கும். கம்பியைத் தாங்கும் ப்ரோபை அரை அரை மில்லிமீட்டராகக் கீழே இறக்குங்கள். ஓர் இடத்தில் அலையின் பள்ளங்கள் மட்டும் தட்டையாகும், அடுத்த இடத்தில் பள்ளத்தின் அடி மேல்நோக்கி மடிந்து ஒரு சிறு மேடாக எழும். அங்கே ஓட்டம் பின்னோக்கிப் போகிறது, கம்பி அதை முன்னோட்டமாகவே எண்ணிக் காட்டுகிறது. அந்த மடிப்பு தெரிந்ததற்குக் கீழே எடுத்த சராசரியும் ஸ்பெக்ட்ரமும் செல்லாது. மடிப்பு, இல்லாத இரட்டை அதிர்வெண்ணை உண்டாக்கிவிடும்; அதை ஓட்டத்தின் மடங்கு அதிர்வெண் (ஹார்மோனிக்) என்று ஆய்வேட்டில் எழுதிவிடும் ஆபத்து உண்டு.

திசையை அறிய வழிகள் இல்லாமல் இல்லை. பிராட்பரியும் காஸ்ட்ரோவும் 1971இல் தந்த, சூட்டுத் துடிப்பு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கும் துடிப்புக்கம்பி உண்டு. ப்ரோபையே வேகமாக நகர்த்தி, கம்பிக்குப் பின்னோட்டமே தெரியாமல் செய்யும் ‘பறக்கும் ஹாட்-வயர்’ உத்தியில் கோல்ஸும் வாட்காக்கும் 1979இல் ஓர் இறக்கை வெட்டின் பிரிந்த ஓட்டத்தை அளந்தார்கள். இரண்டையும் புதிதாக அமைக்க நினைத்தால் ஆய்வுக்காலத்தில் கணிசமான பகுதி அதிலேயே போய்விடும்.

மறைமுகச் செலவுகளில் முதலாவது வெப்பநிலை. காற்று 1 டிகிரி சூடானால் வேகத்தில் ஏறத்தாழ 2 சதவீதப் பிழை வரும். ஏசி இல்லாத கூடத்தில், காலை எட்டு மணி அளவீட்டுத் திருத்தத்தை (கேலிபரேஷனை) வைத்து மதியம் இரண்டு மணிக்கு எடுத்த தரவை நம்ப முடியாது. தினமும் இரண்டு முறை அளவீட்டுத் திருத்தம் செய்யும் நேரத்தைத் திட்டத்தில் சேருங்கள். கம்பி அறுவது அடுத்தது. திறந்த சுற்றுச் சுரங்கத்தில் தூசி ஒன்று போதும். ப்ரோபைப் பழுதுபார்க்க அனுப்பினால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால், கம்பியைப் பற்றவைக்கத் தெரிந்த ஒருவர் ஆய்வகத்தில் இருப்பது பெரிய சொத்து.

பலர் கவனிக்காதது ப்ரோப் ஓட்டத்தை மாற்றிவிடுவது. லாமினார் பிரிவுக் குமிழி அத்தனை எளிதில் கலையக்கூடியது. ப்ரோப் உள்ளே வந்ததும் குமிழி சுருங்கிவிடலாம், நீங்கள் அளப்பது உங்கள் ப்ரோப் உண்டாக்கிய வேறொரு குமிழியாக இருக்கும். சுவரில் நிலையழுத்தத் துளைகள் வைத்து, ப்ரோப் இருக்கும்போதும் இல்லாதபோதும் அழுத்தப் பரவல் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

## பிஐவி

ஓட்டத்தில் நுண்துளிகளைக் கலந்து, லேசர் தகட்டால் இரண்டு முறை ஒளியூட்டி, துளிகள் நகர்ந்த தூரத்திலிருந்து ஒரு தளம் முழுவதற்கும் வேகத்தைப் பெறுவது. பின்னோட்டம் ஒரு பிரச்சினையே இல்லை. ஓட்டத்துக்குள் எந்த ப்ரோபும் நுழைவதில்லை. 1 மைக்ரான் எண்ணெய்த் துளி காற்றின் மாற்றத்துக்குச் சுமார் 3 மைக்ரோநொடியில் இசைந்துவிடும் என்பதால் அதைப் பற்றியும் கவலை வேண்டாம். சுழலின் வடிவம், சேர்க்கை, ஒட்டும் இடம் எல்லாமே ஒரே படத்தில் வந்துவிடும்.

ஆனால் நிலையின்மையின் தொடக்கத்தைப் படிக்க பிஐவி ஒன்றே போதும் என்று வாங்குவோர் இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்ப்பதில்லை.

முதல் கணக்கு இடம். படியிலிருந்து ஒட்டும் இடம் தாண்டி 200 மி.மீ. பார்க்க வேண்டும் என்று 1,280 பிக்சல் கேமராவை வைத்தால், ஒரு பிக்சல் 0.16 மி.மீ. ஒரு வேக மதிப்பைக் கணிக்கும் சிறு சதுரம், அதாவது சன்னல், 16 பிக்சல் என்றால் 2.5 மி.மீ. விளிம்பை விட்டதும் நமது ஷியர் லேயரின் மொத்தத் தடிமனே 2 மி.மீ. அளவுதான். அலை பிறக்கும் இடம் முழுவதும் ஒரே சன்னலுக்குள் கரைந்துவிடும். விளிம்பருகே மட்டும் 30 மி.மீ. பார்வையில் தனியாக எடுத்தால் சன்னல் 0.4 மி.மீ.க்கு இறங்கும். அதாவது குறைந்தது இரண்டு சோதனை வரிசைகள் வேண்டும்.

இரண்டாவது கணக்கு நுண்மை. துளி 8 பிக்சல் நகரும்படி நேரத்தை வைத்து, பிழை 0.1 பிக்சல் என்று கொண்டால், பிழை 1 சதவீதத்தைத் தாண்டுகிறது. நேரியல் கட்டம் நடப்பதே அதற்குக் கீழே. ஆகவே தனித்தனிப் படங்களில் அது இரைச்சலில் மூழ்கிவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, சாதாரண பிஐவி நொடிக்கு 15 இணைப் படங்கள் எடுக்கும். 240 என்ன, 45 ஹெர்ட்ஸைக்கூட அதில் நேரடியாகப் பின்தொடர முடியாது. நொடிக்கு ஆயிரம் படம் எடுக்கும் அமைப்பு கோடிக்கணக்கில் விலை. அதிலும் ஒரு படம் சுமார் 2 மெகாபைட் என்றால், 16 ஜிகாபைட் நினைவகம் 8 நொடியில் நிரம்பிவிடும். 6 ஹெர்ட்ஸ் அசைவுக்கு அது 50 சுற்றுகள்தான், ஸ்பெக்ட்ரம் நிலைபெறப் போதாது. படங்களை வட்டுக்கு மாற்றிவிட்டு மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டியதுதான்.

குறைந்த செலவில் நல்ல பலன் தரும் வழி ஒன்று இருக்கிறது. படியின் விளிம்பில் மெல்லிய பிளவு வைத்து, அடியில் ஒரு ஒலிபெருக்கியைப் பொருத்தி, தெரிந்த அதிர்வெண்ணில் ஓட்டத்தைத் தூண்டுங்கள். அதே சிக்னலால் 15 ஹெர்ட்ஸ் பிஐவியை ட்ரிக்கர் செய்து, அலையின் ஒவ்வொரு கட்டத்திலும் சில நூறு படங்களைச் சராசரி எடுத்தால், இரைச்சல் கரைந்து அலை எழுந்து நிற்கும். தூண்டப்பட்ட பெருக்கி ஓட்டத்துக்குப் பெருங்கோடி லேசர் தேவையில்லை.

மறைமுகச் செலவுகளை எண்ணி முடியாது: ஓட்டம் தெரியும் கண்ணாடிச் சுவர், சுவரின் லேசர் எதிரொளியை அடக்கக் கறுப்பு வண்ணம், நான்காம் வகுப்பு லேசருக்கான கண்ணாடிகளும் பூட்டுக் கதவும், திறந்த சுற்றுச் சுரங்கத்தில் அறை முழுவதும் படியும் எண்ணெய், டெராபைட் கணக்கில் வட்டுகள். கண் பாதுகாப்பில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம்.

## எல்டிவி

பிராக் செல் என்ற ஒலி-ஒளிக் கருவியால் லேசரின் அதிர்வெண்ணை நகர்த்தினால் திசையும் துல்லியமாகத் தெரியும், ஓட்டத்தைத் தொடாது, அளவீட்டுத் திருத்தமும் வேண்டாம். ஆர்மாலி, டுர்ஸ்ட் முதலானோர் படி ஓட்டத்தை 1983இல் அளந்தது இம்முறையில்தான். எதிர்ச்சுவரில் இன்னொரு பிரிவுப் பகுதி இருப்பதையும், அவர்களின் வரையறைப்படி ரெனால்ட்ஸ் எண் 400ஐத் தாண்டினால் ஓட்டம் இரு பரிமாணத்தில் நிற்பதில்லை என்பதையும் அவர்கள் காட்டினார்கள். ஆனால் துளி வரும்போதுதான் தரவு வரும், சீரான இடைவெளி இருக்காது, பின்னோட்டப் பகுதியில் துளியே குறைவு. சராசரிப் பரவலுக்குத் தங்கம், ஸ்பெக்ட்ரத்துக்கு இரண்டாந்தரம். பக்கத்து ஆய்வகத்தில் சும்மா கிடந்தால் தாராளமாக இரவல் வாங்குங்கள்; நிலைத்தன்மைக் கணக்குக்கு வேண்டிய அடிப்படை வேகப் பரவல் அதில் கிடைக்கும்.

## சுவர் அழுத்தம்

மலிவு, தொந்தரவில்லாதது, எத்தனை மணி நேரமும் ஓடும், பத்து இடங்களில் ஒரே நேரத்தில் கேட்கலாம். அலை எந்த வேகத்தில் கீழே போகிறது, எங்கிருந்து எங்கே செய்தி போகிறது என்று அறிய இதைவிடச் சுலபமான வழி இல்லை.

உணரியைத் தேர்வதில்தான் சூட்சுமம். நொடிக்கு 7.5 மீட்டர் காற்றின் இயக்க அழுத்தம் 34 பாஸ்கல்தான். சுவர் அலைவு அதில் சில சதவீதம், அதாவது 1 பாஸ்கல் அளவு. விமானச் சோதனைக்கென்று வாங்கிய, பல்லாயிரம் பாஸ்கல் தாங்கும் உணரி இதில் எதையும் கேட்காது. மலிவான எலெக்ட்ரெட் மைக்ரோஃபோன் 240ஐயும் 45ஐயும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் பெரும்பாலானவை 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே மங்கிவிடும். 6 ஹெர்ட்ஸ் அசைவு தெரியவில்லை என்றால் அது இல்லை என்று பொருளல்ல. விசிறி இலைகளின் ஓசையும் இதே சிக்னலில் வந்து உட்காரும். மாடலோடு ஒரு முறை, மாடலைக் கழற்றிவிட்டுச் சுரங்கத்தை மட்டும் ஓட்டி ஒரு முறை பதிவெடுத்து ஒப்பிட்டால்தான் எந்த முகடு யாருடையது என்று தெரியும்.

## சாயமும் புகையும்

முதல் வாரத்தில் கட்டாயம் செய்யுங்கள், ஓட்டம் எங்கே பிரிகிறது என்று கண்ணால் தெரியும். அதற்கு மேல் நம்ப வேண்டாம். சுழலே இல்லாத அலையில்கூடச் சாயக்கோடு சுருண்டு சுழல்போல் காட்டும் என்று ஹாமா 1962லேயே எச்சரித்துவிட்டார்.

## காற்றா, நீரா?

நீரின் இயக்கப் பாகுநிலை காற்றினதில் சுமார் பதினைந்தில் ஒரு பங்கு. அதே மாடலை அதே ரெனால்ட்ஸ் எண்ணில் நீரில் வைத்தால் வேகம் நொடிக்கு 0.5 மீட்டர், 240 ஹெர்ட்ஸ் 16 ஆகிவிடும். நொடிக்கு 150 படம் எடுக்கும் சாதாரண கேமராவும் தொடர் லேசரும் கொண்டு முழு நேரவரிசை பிஐவி செய்துவிடலாம். பட்ஜெட் இறுக்கமானவர்களுக்கு இது பெரிய வரம்.

விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டும். 6 ஹெர்ட்ஸ் அசைவு 0.4 ஆகிவிடுவதால், 200 சுற்றுகளுக்குக் காற்றில் அரை நிமிடம் போதும், நீரில் எட்டு நிமிடம் வேண்டும். பல நீர்ச்சுரங்கங்களில் கொந்தளிப்பு 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், பெருக்கி ஓட்டத்துக்கு அது ஆகாது. ஹாட்-வயருக்குப் பதில், மெல்லிய உலோகப் படலம் கொண்ட ஹாட்-ஃபில்ம் வேண்டும், அதன்மேல் குமிழியும் உப்பும் படியும்.

## பக்கத்தில் பக்கம் வைத்தால்

| | 1 சதவீதத்துக்குக் கீழான அலைவு | 240 ஹெர்ட்ஸ் | 6 ஹெர்ட்ஸ் | பின்னோட்டம் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|---|
| ஹாட்-வயர் | மிக நன்று | மிக நன்று | மிக நன்று | தெரியாது | அளவீட்டுத் திருத்தம், அறுந்த கம்பி, ப்ரோபின் தொந்தரவு |
| 15 ஹெர்ட்ஸ் பிஐவி | தூண்டலும் கட்டச் சராசரியும் இருந்தால் | தூண்டலோடு மட்டும் | அரைகுறை | நன்று | துளிகள், எதிரொளி, வட்டு, பாதுகாப்பு |
| அதிவேக பிஐவி | கடினம் | நன்று | நினைவகம் போதாது | நன்று | மேற்கண்டவை, கூடவே விலை |
| எல்டிவி | சுமார் | துளிகளைப் பொறுத்தது | நன்று | மிக நன்று | புள்ளி புள்ளியாகப் போகும் நேரம் |
| சுவர் அழுத்தம் | சுமார் | நன்று | உணரியைப் பொறுத்தது | பொருந்தாது | சுரங்க இரைச்சல் |

## யாருக்கு எது

வளர்ச்சி வீதம், அதிகம் பெருகும் அதிர்வெண், கோட்பாட்டோடு ஒப்பீடு என்றால் ஹாட்-வயரும் தூண்டலும். பின்னோட்டப் பகுதிக்குள் போகாமல், மேல் விளிம்பில் மட்டும் அளந்தாலே இவை கிடைக்கும். சுழல் சேர்க்கை, முப்பரிமாண உடைவு, ஒட்டும் இடத்தின் ஆட்டம் என்றால் பிஐவி. ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஆய்வு என்றால் சுவர் அழுத்தம், ஏனெனில் நாளை நிஜ இறக்கையில் வைக்க முடிந்த உணரி அதுதான். உருளைபோலத் தானே அலையும் ஓட்டம் என்றால் எந்தக் கருவியும் அதிர்வெண்ணைச் சரியாகச் சொல்லிவிடும். பணத்தை, முழு வேகப் புலத்தையும் அளக்கும் பிஐவி போன்றவற்றில் போடுங்கள்.

பணம் ஒரே கருவிக்குத்தான், கேள்வி இன்னும் முழுதாக முடிவாகவில்லை என்ற நிலையில் இருப்பவருக்கு என் பரிந்துரை: ஒரு சானல் ஹாட்-வயரும் ஒரு டஜன் மைக்ரோஃபோன்களும் வாங்குங்கள். முதல் ஆண்டில் சுரங்கத்தின் கொந்தளிப்பு, மூன்று அதிர்வெண்கள், பெருக்கியா அலையியற்றியா என்ற கேள்வி மூன்றையும் முடித்துவிடலாம். கடைசிக் கேள்விக்கு எளிய சோதனை ஒன்று: தூண்டலின் அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். ஓட்டம் நீங்கள் தரும் அதிர்வெண்ணையெல்லாம் ஏற்றுக்கொண்டு அதிலேயே வளர்ந்தால் பெருக்கி. தூண்டல் பலவீனமாக இருக்கும்போது தன் சொந்த முகடை விடாமல் பிடித்துக்கொண்டு, தன் அதிர்வெண்ணுக்கு நெருங்கி வரும்போது மட்டும் பூட்டிக்கொண்டால் அலையியற்றி. அதன்பின் பிஐவி உள்ள ஆய்வகத்தில் சில வாரம் இடம் கேட்கலாம். எந்த இடத்தில், எந்த அதிர்வெண்ணில், எந்தப் பார்வை அளவில் படம் எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகிறவருக்குச் சில வாரமே தாராளம்.